எல்லோருக்கும் ஒரே ஒரு முதலெழுத்து

இடைவெளியையும் சேர்த்து எண்ணினால் பதினான்கு எழுத்து. அந்தப் பதினான்கை எழுதி முடித்தபோது எனக்கு வந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அப்போது நான் கண்டி நகரில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருந்த டியூட்டரியில் வேலை பார்த்தேன். 'கணினிப் பொறுப்பாளர்' என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஒட்டியவனும் நான்தான். கீழே பாண் வேகும் வாசம் மேலே வந்து, பத்து மணி வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் கவனத்தை முழுசாகத் தின்றுவிடும். வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கண்டியில் யுத்தம் இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டோம், பஸ்ஸில் ஏறுமுன் பையைத் திறந்து காட்டியபடி.

டியூட்டரியில் இரண்டு கணினிகள். ஒன்றில் வைரஸ் புகுந்து நாசமாகிவிட, ஏதோ சஞ்சிகையோடு இலவசமாக வந்த சீடியிலிருந்து அதில் லினக்ஸை ஏற்றியிருந்தேன். படம் இல்லை, மௌஸ் இல்லை. கறுப்புத் திரையும், கட்டளை எழுத ஒரு வரியும்தான். வேறு யாருக்கும் அதைத் தொடத் தெரியாது என்பதே என் உத்தியோகத்துக்கு இருந்த ஒரே பாதுகாப்பு.

அந்தக் கறுப்புத் திரையில் நான் கற்றுக்கொண்ட வித்தை ஒன்று உண்டு. சாதாரணமாக ஒரு சொல்லைத் தேடுவதென்றால் அந்தச் சொல்லையே கொடுக்க வேண்டும். இங்கே அது தேவையில்லை, அதன் சாடையைச் சொன்னால் போதும். 'வரி தொடங்கும் இடத்தில் இரண்டு இலக்கம், பிறகு ஒரு கோடு, அதற்குப் பிறகு எது வேண்டுமானாலும்' என்று குறியீட்டில் எழுதினால், அந்தச் சாடையில் உள்ளதையெல்லாம் இயந்திரம் பிடித்துக் கொடுக்கும். பிடித்ததை மாற்று என்றால் மாற்றும். ஒரு கோப்பில் இல்லை, நூறு கோப்பிலும், ஒரே தட்டலில். சிங்கள மொழி, தமிழ் மொழி, ஆங்கில மொழி என்று எங்களிடம் இருந்த வகுப்புகளுக்கெல்லாம் வகுப்புக்கு ஒரு கோப்பு, மாணவருக்கு ஒரு வரி. முதலில் ஆங்கில எழுத்தில் பெயர், அடுத்து தங்கியிருக்கும் விலாசம். எல்லாமாக இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வரிகள்.

அந்த வரிகளையெல்லாம் தட்டச்சு செய்தவள் பன்வில பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த பெண். வார நாளில் எங்களுக்கு டைப் அடிப்பாள். சனி ஞாயிறில் அதே டியூட்டரியில் உயர்தர வகுப்பில் இருப்பாள். கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டில் அறை எடுத்து, அவளும் தோட்டத்துப் பெண்கள் நால்வருமாகத் தங்கியிருந்தார்கள். பரீட்சை அவளுக்கு மூன்றாம் தடவை. அதற்கு மேல் எழுதினாலும் பல்கலைக்கழகத்துக்கு எடுக்க மாட்டார்கள். இரண்டாம் தடவையில் அவள் படிப்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது அப்போதிருந்த வீட்டைப் பொலிஸ் சுற்றிவளைத்து, பெண்களை ஒரு மண்டபத்தில் கொண்டுபோய் வைத்து, அடையாள அட்டைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். விட்டபோது இரண்டு பாடம் முடிந்திருந்தது. வீட்டுக்காரி அவர்களின் பைகளை எடுத்து ரோட்டில் வைத்திருந்தாள்.

இதை அவள் எனக்குச் சொன்னது ஏதோ பஸ் பிந்திய கதை சொல்வதுபோல. நானும் அப்படித்தான் கேட்டேன்.

என் திறமையைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. காரணமும் நான்தான். ஒரு முறை விலாசங்களின் கடைசியில் இருந்த முற்றுப்புள்ளிகளை எடுத்துவிடலாம் என்று நினைத்து, 'புள்ளியை எடு' என்று கட்டளை எழுதினேன். அந்த மொழியில் வெறும் புள்ளி என்றால் புள்ளி அல்ல, 'எந்த எழுத்தானாலும்' என்று அர்த்தம். இயந்திரம் சொல்வழி கேட்கிற பிள்ளை; எல்லா எழுத்தையும் எடுத்துவிட்டது. வரிகள் மட்டும் இருந்தன, வரிகளில் ஒன்றும் இல்லை. அவள் மூன்று வாரம் இருந்து எல்லாவற்றையும் திரும்ப அடித்தாள். அந்த மூன்று வாரமும் என்னைக் கண்டால், "என்னங்க சார், இன்னைக்கு எத அழிக்கப் போறீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எல்லாக் கோப்புகளையும் நாலு ஃப்ளொப்பியில் ஏற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். என்னை நம்பி அல்ல.

போன மரியாதையை மீட்க வேண்டாமா? ஒரு நாள் பத்து மணித் தேத்தண்ணீர் நேரம். அவள் பணிஸைப் பிளேன்டீயில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரை வாசிக்காமலே தமிழ் ஆக்களைப் பிரிச்சுக் காட்டட்டா?" என்றேன்.

"வாசிக்காம எப்படி சார்? பொட்டு வச்சிருக்கான்னு பாக்குமா ஒங்க பொட்டி?"

"பாரும்" என்று சொல்லி இதை அடித்தேன்:

^[A-Z]\. [A-Z]

வரி தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய எழுத்து, ஒரு புள்ளி, உடனே ஒரு இடைவெளி, பிறகு பெயர். அவ்வளவுதான். இந்தத் தடவை புள்ளிக்கு முன்னால் சாய்கோடு போட மறக்கவில்லை.

சூட்சுமம் முதலெழுத்தில் இருந்தது. கண்டிப் பக்கத்துச் சிங்களவர்களுக்குப் பெயருக்கு முன்னால் நாலைந்து எழுத்து நிற்கும். பரம்பரைப் பெயர், பட்டப் பெயர் எல்லாம் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும், கலியாண வீட்டு வாசலில் மாமன்மார் நிற்பதுபோல. அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகளுக்கு இரண்டு அல்லது மூன்று. நமக்கோ தகப்பன் ஒருவர், அவருக்கு ஒரு எழுத்து, கதை முடிந்தது.

திரையில் அவளுடைய வகுப்பிலிருந்த தமிழ்ப் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. தப்பிதமாக வந்தது ஒரே ஒரு முஸ்லிம் பிள்ளை. நான் கதிரையில் சாய்ந்து காலை நீட்டினேன். ஆசிரியர், ஊழியர் கோப்பிலும் ஓட்டிக் காட்டினேன்.

அவள் பார்த்துவிட்டு, "ஒங்க பேரு வரலையே சார்?" என்றாள்.

வரவில்லைதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா தன் தகப்பனின் எழுத்தையும் எனக்குச் சேர்த்துவிட்டார். இரண்டு எழுத்துக்காரன் நான். ஊரிலுள்ள தமிழரையெல்லாம் பிடிக்கும் வலையைப் பின்னிவிட்டு, பின்னியவன் மட்டும் வெளியே நின்றேன். அதைக்கூட ஒரு கெட்டித்தனமாக நினைத்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், வாசலில் பணிப்பாளர்.

"கெட்டிக்காரன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பணிப்பாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைப்போல் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல கணித ஆசிரியர். கலவரத்தின்போது அவருடைய பழைய டியூட்டரியை எரித்துவிட்டார்கள். எரித்தவர்களின் கையில் ஒரு பட்டியல் இருந்தது, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கடை கடையாக வந்தார்கள் என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். எரிந்த பெயர்ப்பலகையில் அவருக்கு ஒரு முதலெழுத்து இருந்தது. புதிய பலகையில் மூன்று. தகப்பனுடையது, தகப்பனின் தகப்பனுடையது, ஊருடையது. பெயரின் பின்பாதியையும் வெட்டி, எந்த இனத்துக்காரரும் வைத்துக்கொள்ளக்கூடிய அளவுக்குக் குறுக்கியிருந்தார். அவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். எரிந்த கடைக்குச் சொந்தக்காரனாக நான் இருந்திருந்தால் ஏழு எழுத்துப் போட்டிருப்பேன்.

அடுத்த மாதம் நகரில் குண்டு வெடித்தது. கடைகள் மூன்று நாள் திறக்கவில்லை. நாலாம் நாள் திறந்தபோது தமிழில் பேசுகிறவர்களின் சத்தம் குறைந்திருந்தது. நான் பஸ்ஸில் வந்த இருமலைக்கூடச் சிங்களத்தில் இரும முயன்றேன். ஒவ்வொரு நாளும் ஏதாவதொரு ஒழுங்கையில் சுற்றிவளைப்பு. பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்.

புதன்கிழமை பணிப்பாளர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அவள் மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அவளை அவர் பொருட்படுத்தவில்லை.

"தம்பி, அண்டைக்கு ஒரு விளையாட்டுக் காட்டினீர் எல்லே?"

"ஓம் சேர்."

"அதை எல்லா ஃபைலுக்கும் போடும். விலாசத்தோட எடுத்துத் தாரும். வெள்ளிக்கிழமை நானே கொண்டுபோய்ப் பொலிஸில குடுக்கப்போறன்."

"பொலிஸ் கேட்டவையோ சேர்?"

"கேட்கேல்லை. கேட்க முதல் குடுத்தால் மரியாதை. கேட்டாப் பிறகு குடுத்தால் பயம்."

"பிள்ளையளுக்குச் சோதனை வருது..."

"ஒருக்கா எரிஞ்சது போதும் தம்பி" என்றார். குரல் உயரவில்லை. "வெள்ளிக்கிழமை."

நான் "ஓம் சேர்" என்றேன். வீரமாக எதுவும் சொல்லவில்லை. வாயில் வந்தது அதுதான்.

கதவு திறந்து மூடியது. அவள் டைப் அடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"எத்தனை பேரு சார் வருவாங்க?"

"முந்நூறுக்குக் கிட்ட."

"எங்க வீட்டு அட்ரஸ் அதுல இருக்கும்ல?"

"இருக்கும்." எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. "பயப்பிடாதேயும். உம்மட வரியை மட்டும் விட்டிட்டு எடுக்கலாம். சின்ன வேலை."

"அப்ப என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்ல படுக்கிறவ?"

"அவவையும் விடலாம்."

"அதுக்குப் பக்கத்துல?"

"உங்கட வீட்டையே விடலாம்."

"பக்கத்து வீட்டுல ரெண்டு பேரு இருக்காங்க. இப்படியே விட்டுக்கிட்டுப் போனா பன்வில வரைக்கும் போவணும் சார்." அவள் எழுந்து என் மேசைக்கு வந்தாள். "பொறிய செஞ்சது நீங்க. இப்ப எலிய ஒண்ணொண்ணா எடுத்து விடுறேன்னு நிக்கிறீங்க. பொறிய ஒடைங்க சார்."

உடைப்பது எப்படி? பதினான்கு எழுத்தைக் கிழித்துப் போட்டால் பதினைந்தாம் நிமிடம் பணிப்பாளர் வேறு வழி கண்டுபிடிப்பார். அந்தச் சாடை எதைப் பிடித்துத் தொங்குகிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். நான் உற்சாகமாகிவிட்டேன். எனக்கு ஆபத்தின் நடுவிலும் ஒரு புதிர் கிடைத்தால் போதும், ஆபத்தை மறந்துவிடுவேன்.

"தமிழ்ப் பேர் எல்லாத்துக்கும் முன்னால இன்னும் ரெண்டு எழுத்தைச் சேர்த்து விடுவம்" என்றேன். "ஒரு வரிக் கட்டளை. எல்லாரும் மூண்டு எழுத்து ஆக்கள் ஆகிடுவினம், எங்கட சேர் மாதிரி."

அவள் முகம் சுருங்கியது. "எங்கப்பா எழுத்துக்குப் பக்கத்துல எவன் எழுத்தையோ கொண்டாந்து வைக்கிறதா? நாங்க ஏன் சார் வேஷம் போடணும்?"

"அப்ப?"

"மத்தவங்கள எறக்குங்க. எல்லாரும் ஒரு எழுத்துக்கு வரட்டும்."

நான் கதிரையிலிருந்து எழுந்து நின்றது நினைவிருக்கிறது. இதை நான் யோசித்திருக்க வேண்டும். கணினிப் பொறுப்பாளர் என்று கதவில் ஒட்டியிருந்தவன் நான்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தோம். முதலில் ஒரு கோப்பைப் பிரதி எடுத்து அதில் ஓட்டிப் பார்த்தேன். அனுபவம் அப்படி.

s/^\([A-Z]\.\)[A-Z.]* /\1 /

வரியின் முதல் எழுத்தையும் அதன் புள்ளியையும் பிடித்து வைத்துக்கொள், அதை ஒட்டி இடைவெளி வரும் வரைக்கும் எத்தனை எழுத்தும் புள்ளியும் நின்றாலும் எடுத்துவிடு, பிடித்து வைத்ததை மட்டும் திரும்ப எழுது. இதுதான் அதன் பொருள். ஐந்து எழுத்துக்காரர் ஒரு எழுத்துக்காரர் ஆனார். மூன்று எழுத்துக்காரரும் அப்படியே. ஒரு எழுத்துக்காரருக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிரதி சரியாக வந்ததும் எல்லாக் கோப்புகளிலும் ஓட்டினேன். இரண்டாயிரம் பேர், மூச்சு விடும் நேரம். கண்டி அரசர்கள் கொடுத்த பட்டங்களை வெள்ளைக்காரன்கூட விட்டு வைத்திருந்தான். நான் சோற்றுப் பார்சலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிடுங்கினேன்.

என்னுடைய இரண்டாவது எழுத்தும் போனது. தாத்தா மன்னிக்க வேண்டும்.

அவள் கைப்பையைத் திறந்து நாலு ஃப்ளொப்பியையும் மேசையில் வைத்தாள். "இதையும் வெட்டுங்க."

"இது உம்மட காவல் எல்லே?"

"வெட்டுங்க சார்."

வெட்டினேன். கோப்புகளிலோ ஃப்ளொப்பிகளிலோ இனி ஒருவருக்கும் இரண்டாவது எழுத்துக் கிடையாது. இருந்தது அலுமாரியில் கட்டிக் கிடந்த, சேரும்போது நிரப்பிய படிவங்களில் மட்டும்.

வெள்ளிக்கிழமை காலை பணிப்பாளர் முன்னிலையில் பதினான்கு எழுத்தை அடித்து அச்சுக்குக் கொடுத்தேன். எங்கள் அச்சு இயந்திரம் ஊசியால் குத்திக் குத்தி எழுதுகிற சாதி. கீழே பேக்கரிக்குக் கேட்கும். ஓரத்தில் ஓட்டை போட்ட தாள் ஒன்றோடொன்று தொடுத்தபடி வந்து தரையில் மடிந்து மடிந்து விழுந்தது. ஒரு தாள், ஐந்து தாள், பத்துத் தாள். பணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபது தாள். அவர் குனிந்து நுனியைத் தூக்கினார்.

"இதென்ன தம்பி? இது எல்லாரும் எல்லே?"

இந்த இடத்துக்கு நான் ஒரு வசனம் தயாரித்து வைத்திருந்தேன். முந்தின நாள் பஸ்ஸில் ஒத்திகையும் பார்த்தேன்.

"வைரஸ் போல கிடக்கு சேர்" என்றேன்.

"வைரஸ் இல்ல சார்" என்றாள் அவள். "நாங்க செஞ்சது."

அச்சு இயந்திரம் குத்திக்கொண்டே இருந்தது. பணிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். வார் ஒன்று பிய்ந்திருந்தது. பிறகு அவளைப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்கவில்லை, நேரே நின்றாள்.

"ஓம் சேர்" என்றேன். "நாங்கள்தான்."

புதன்கிழமை சொன்ன அதே இரண்டு சொல்.

"பழையபடி ஆக்கும்."

"ஏலாது சேர். வெட்டினது என்னெண்டு அதுக்குத் தெரியாது. மிச்சத்தைப் பார்த்து, போனதைச் சொல்லுற கட்டளை ஒண்டு இல்லை." இது முழு உண்மை. அன்றைக்கு நான் சொன்னவற்றில் அதற்காகவே ரசித்துச் சொன்னது இது ஒன்றுதான்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "பிள்ளை, படிவங்களை எடுத்துத் திருப்பி அடியும்."

"அடிக்க மாட்டேன் சார்."

"என்ன?"

"பரீட்ச முடியிற வரைக்கும் அடிக்க மாட்டேன். முடிஞ்ச மறுநாள் சொல்லுங்க, ஒக்காந்து அடிக்கிறேன்."

"உம்மை இப்பவே நிப்பாட்ட ஏலும், தெரியுமோ?"

"தெரியும் சார்."

அவர் தன் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். விடைத்தாள் திருத்துகிற பேனா. "சரி. நானே குறிக்கிறன்." என் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் தாளை மடியில் விரித்தார். அது ஆசிரியர், ஊழியர் பட்டியல். அவர் பெயர் முதலாவதாக இருந்தது, ஒரே ஒரு எழுத்தோடு. கலவரத்துக்கு முந்தின பலகையில் இருந்த எழுத்து.

பேனா அந்த வரிக்கு மேலே நின்றது.

"சார்" என்றாள் அவள். இப்போது குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. "ஒங்க டியூட்டரிய எரிக்க வந்தவங்க கையில பட்டியல் இருந்துச்சுன்னு நீங்கதானே வகுப்புல சொன்னீங்க. அத யாரு சார் எழுதிக் குடுத்தது?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"என்னய மாதிரி ஒருத்திதான் டைப் அடிச்சிருப்பா."

அவர் பேனாவுக்கு மூடியைப் போட்டார். ஒரு தரம் கழற்றினார், திரும்பப் போட்டார். பிறகு அந்த முழுக் கட்டையும் இரண்டு கையாலும் அள்ளி, வால் ஒன்று தரையில் இழுபட, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"வேல போச்சா சார்?" என்று கேட்டாள்.

"தெரியேல்லை."

"வைரஸாம்" என்றாள். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை.

வேலை போகவில்லை. பட்டியல் போனதா என்றும் தெரியவில்லை. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அவரிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. அவள் கேட்கப் போனாள். அவர் அறையில் இல்லை. அவளும் அந்த நால்வரும் வீட்டில் பைகளைக் கட்டி வைத்துக்கொண்டு, பைகளின் மேல் உட்கார்ந்து படித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பொலிஸ் வந்தது. இரண்டு பேர், மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவரும். பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, பக்கத்தில் நிற்கச் சொன்னார். எதற்கென்று தெரியாது. ஓடினால் இருவருமாக ஓடலாம் என்று நினைத்திருக்கலாம். அவள் கதவுக்கு வெளியே தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றாள். தேத்தண்ணீர் கொண்டுவருவது அவள் வேலை அல்ல.

மூத்தவர் 'மகத்தயா' போட்டு மரியாதையாகத்தான் பேசினார். வெளியூரிலிருந்து வந்து தங்கிப் படிக்கிற தமிழ் மாணவர்களின் பட்டியல் வேண்டுமாம். எல்லாம் சிங்களத்தில்.

பணிப்பாளர் அலுமாரியைத் திறந்து அந்தக் கட்டைத் தூக்கி மேசையில் வைத்தார். மேசை ஒரு தரம் ஆடியது.

"எங்களிடம் இருக்கிற பட்டியல் இதுதான்" என்றார், அவரும் சிங்களத்தில். "முதல் தாள் ஆசிரியர், ஊழியர். மற்ற எல்லோரும் மாணவர்கள்."

மூத்தவர் விரித்தார். ஒரு தாள், இரண்டு தாள். மடிப்பு மடிப்பாக அது அவர் மடியில் இறங்கித் தரைக்குப் போனது. "எல்லோருக்கும் ஒரு எழுத்துத்தானே இருக்கிறது?"

"கணினி அப்படித்தான் தருகிறது" என்றார் பணிப்பாளர். நான் கூரையைப் பார்த்தேன்.

"இதில் தமிழர் யார், மகத்தயா?"

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான்" என்றார். "முதல் தாளில் முதல் பெயர். மற்றவர்களை நீங்கள்தான் வாசித்துப் பார்க்க வேண்டும். எனக்குக் கண் சரியில்லை."

கீழே பேக்கரியில் தட்டு ஒன்று விழுந்தது. அவள் உள்ளே வந்து தேத்தண்ணீரை வைத்தாள். மூத்தவர் குடித்தார். இளையவரைப் பார்த்து, இதைத் தூக்கிக்கொண்டு வா என்றார். இளையவர் கட்டைப் பார்த்தார், தன் தோளில் தொங்கிய துவக்கைப் பார்த்தார். நாளைக்கு ஜீப் இந்தப் பக்கம் வரும்போது எடுப்போம் என்று முடிவாயிற்று.

ஜீப் வரவில்லை. அதை மறந்தார்களா, வாசிக்கச் சோம்பல்பட்டார்களா, அல்லது எங்களுடைய பட்டியல் இல்லாமலே அவர்களுக்குத் தேவையானது கிடைத்ததா என்று தெரியாது. கடைசிதான் காரணமாக இருக்கும். பரீட்சை முடிந்து ஒரு வாரத்தில் கட்டுகஸ்தோட்டையில் அந்த ஒழுங்கையையே சுற்றிவளைத்தார்கள். ஒரு வாரம் பிந்தி வந்தார்கள், அவ்வளவுதான். அவளும் அந்த நால்வரும் இருந்த அறை அப்போது காலி.

அந்தச் செவ்வாய்க்கிழமை பொலிஸ் போன பிறகு பணிப்பாளர் என்னைப் பார்த்து, "சோதனை முடிஞ்ச அண்டைக்கே திருப்பி அடிக்கத் தொடங்க வேணும். பிள்ளையில்லை, நீர்தான் அடிக்கிறது" என்றார். அதற்குள் கண்டிப் பெரிய குடும்பத்துத் தகப்பன் ஒருவர் மகனின் வருகை அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் வம்சத்தின் நாலு எழுத்து எங்கே என்று மேசையில் தட்டிவிட்டுப் போயிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டதும் நான்தான். மனதாரக் கேட்டேன். அந்த ஆளின் கோபத்தில் ஒரு பிழையும் இல்லை.

அவள் எல்லாப் பாடமும் எழுதினாள்.

கடைசிப் பாடம் முடிந்த பின்னேரம் நான் அலுமாரியிலிருந்து முதல் கட்டுப் படிவங்களை இறக்கி, ஒவ்வொரு வரியாக, கையால், எழுத்தெழுத்தாகத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் பையோடு வந்து நின்றாள், தோட்டத்துக்குப் போகிறாள்.

"எத்தனை முடிஞ்சிச்சு சார்?"

"பதினொண்டு."

"அப்ப அடுத்த வருசம் வந்து பாக்கிறேன்."

பஸ் நிலையம் வரைக்கும் கூடப் போனேன். வாசலில் சோதனைச்சாவடி, நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் ஏதோ சொன்னார். அவள் நிமிர்ந்து, அப்பாவின் பெயரை முழுதாகச் சொல்லி, பிறகு தன் பெயரைச் சொல்லி, தோட்டத்தின் பெயரையும் சொன்னாள், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. நானும் விடவில்லை. தாத்தா, அப்பா, நான், ஊர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் தொண்டை கீச்சிட்டு, தாத்தாவின் பெயர் இரண்டாக உடைந்தது.

மேசைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கேட்டது பையைத் திறந்து காட்டச் சொல்லித்தான்.